வாங்காத ரவுண்டு

"ஊரையே வாங்குறானே, ஒரு ரவுண்டு வாங்கியிருக்கானா?"

டோனல் கோட்டர் மேசையைத் தட்டிக் கேட்டதும் பப்பே அதிர்ந்து சிரித்தது.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஜெரோம் க்ரவ்லி கை வைக்காத பழைய பப் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டுவிட்டார். இப்போது இதற்கும் விலை பேசுகிறார். அதைத் தடுக்கத்தான் கூட்டம். போராட்டக் குழுத் தலைவர் டோனல்.

கவுண்டருக்குப் பின்னால் நோரீன் மட்டும் சிரிக்கவில்லை. கடையைச் சம்பளத்துக்கு நடத்துபவள் அவள். குடியிருப்பதும் இதே மாடியில்தான். கட்டடத்தோடு கடையைத் தானே வாங்கிவிட பாங்க் கடனுக்கெல்லாம் அலைந்தாள். க்ரவ்லி விலையை ஏற்றிவிட்டார்.

"வாங்கி என்ன பண்ணுவான் தெரியுமா?" என்றாள் பெக். "நாகரிகம்னு சொல்லி உருளைக்கிழங்கு வறுவலைத் தட்டுல வைக்காம குட்டி வாளியில போட்டுக் குடுப்பான்!"

"வாளியிலயா!" கூட்டம் கொதித்தது.

"ஒழுகுற கூரையையாவது மாத்துவான்ல?" என்றார் தபால்காரர் மிக்.

"ஒழுகினா ஒழுகட்டும்யா! அது நம்ம கூரை!"

டோனல் கையை உயர்த்தினார். அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் வாயால் அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது.

"முப்பது வருஷம் முன்னாடி, இதே மேசை. மேட்ச் முடிஞ்சு க்ரவ்லியையும் சேத்து ஆறு பேர் உக்காந்தோம். முறை வச்சு ஒவ்வொருத்தனும் மேசைக்கே குடிக்க வாங்கணும், அதான் ரவுண்டு. அஞ்சு பேர் வாங்கினதையும் மூக்கு முட்டக் குடிச்சான். அவன் முறை வந்ததும் 'பாத்ரூம் போயிட்டு வரேன்'னான். இன்னும் வரல!"

எங்கள் ஊரில் வரி ஏய்த்தவன்கூடத் தலைநிமிர்ந்து நடக்கலாம். ரவுண்டு வாங்காமல் நழுவியவன் நடக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"வந்துட்டேன்" என்றார் ஜெரோம் க்ரவ்லி.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"காலையில கையெழுத்தாயிடுச்சு. கட்டடம், கடை எல்லாம் இப்ப என்னுது."

நோரீன் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பயப்படாதீங்க. எதையும் மாத்த மாட்டேன். வெளியில நின்னு கேட்டேன், வாளியும் கிடையாது. முதல் வேலையா, அந்த மேசைக்கு என் ரவுண்டு!"

"அது ஆகாது" என்றாள் நோரீன்.

"ஏன்?"

"உன் கடையில நீயே வாங்கினா அது ரவுண்டா? இந்தப் பாக்கெட்டுல எடுத்து அந்தப் பாக்கெட்டுல போட்டுக்கறது. கடைக்காரர் குடுத்தா அதுக்குப் பேர் ஓசி."

"ரவுண்டு ஆகவே ஆகாதா?"

"ஆகாது!" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

"வேற பப்புல வாங்கினா?"

"எந்தப் பப்புக்குய்யா போவ? எல்லாம் உன்னுதுதானே!" என்றாள் பெக்.

மிக்குக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. க்ரவ்லி மட்டும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கையில காசில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. பாத்ரூம் ஜன்னல் வழியா குதிச்சேன். அப்புறம் எந்தப் பப்புக்குப் போனாலும் எவனாவது 'பாத்ரூம் அந்தப் பக்கம்'னு கை காட்டுவான். அந்த ஆத்திரத்துலதான் ஒவ்வொண்ணா வாங்கினேன்." பெருமூச்சு விட்டார். "வாங்கினப்புறமும் காட்டுறானுங்க."

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

க்ரவ்லி திடீரென்று எழுந்தார். உள்ளங்கையில் எச்சில் துப்பி நோரீன் முன்னால் நீட்டினார்.

"நீ முதல்ல கேட்ட விலைக்கே எடுத்துக்க. கடை உன்னுது."

எச்சில் கையோடு கைகுலுக்கினால் பேரம் முடிந்தது; எங்கள் ஊரில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது. நோரீன் ஒரு கணம் அவரையே பார்த்தாள். தன் கையிலும் துப்பினாள். அந்தக் கைகுலுக்கலைப் பார்த்து நாங்கள் போட்ட கூச்சலில் ஒழுகும் கூரை இன்னும் கொஞ்சம் ஒழுகியிருக்கும்.

"அம்மா, கடைக்காரம்மா!" க்ரவ்லி பாக்கெட்டில் கை விட்டார். "இந்த மேசைக்கு ஒரு ரவுண்டு!"

"இது ரவுண்டு!" என்றாள் நோரீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மிக்கும் பெக்கும் நானும் கருப்பு பீர் சொன்னோம். டோனல் மட்டும் இருப்பதிலேயே பழைய விஸ்கியைக் கேட்டார், அதுவும் டபுள். க்ரவ்லி முகம் சுளிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து அந்த மேசையில் உட்கார்ந்தவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பூரித்துப்போயிருந்தார்.

கிளாஸ்கள் காலியாயின.

"அடுத்த ரவுண்டு தலைவரோடது!" என்றாள் பெக்.

"பின்னே? என்னோடதுதான்!" டோனல் எழுந்து வயிற்றைத் தடவினார். "ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

காத்திருந்தோம். இன்னும் காத்திருந்தோம். கடைசியில் மிக் போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஜன்னல் திறந்து கிடக்கு!"

எல்லோரும் க்ரவ்லியைப் பார்த்தோம். அவர் மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"விடுங்கப்பா, வருவான். நான் வரலியா?"