மாமியார் மிசின்

1960 செப்டெம்பர் 27, செவ்வாய்க்கிழமை. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையின் வாசலில் இரண்டு பழைய மிசின் வாள்கள் கிடந்தன.

"ஐயா, இது மாமியா. அது மருமக," என்றான் அழகுமுத்து. ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு கந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளக்கமாச் சொல்லுடா. பெரியதுரை கேட்டா மாமியா, மருமகன்னா நான் சொல்றது?"

"இது நாப்பத்தொம்பதாம் வருசத்து மிசினுங்க. ரெண்டு ஆளு தூக்கணும். கொஞ்சம் சரிச்சுப் புடிச்சாலும் நின்னுரும். ஆனா கத்துனா மலையே அதிரும். அதான் மாமியா. அந்தச் செவப்பு மிசின் அம்பத்தஞ்சு. ஒத்தாளு போதும். தலகீழாப் புடிச்சாலும் வெட்டும். கோவிச்சுக்கிட்டா மட்டும் மூணு நாளைக்கு மொகங்குடுக்காது."

இரண்டையும் தோட்டத்து மேலாளரான பெரியதுரை ஏலத்தில் எடுத்திருந்தார். ஸ்டோர் அடுப்புக்கு விறகு அரிய பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒரு மிசின் அவர்களை வென்றுவிட்டால் பன்னிரண்டு பேரின் பேரையும் வேலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம் என்பது துரையின் யோசனை. மரத்தை வெட்டுவதைவிட அது சுலபம். அப்படி நடந்தால் கந்தப்பன் பெரிய கண்டாக்காகிவிடுவார் என்றும் துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

"ரெண்டையும் சேத்து நல்லதா ஒண்ணு செய்ய முடியுமா?"

"முடியுங்க. மருமகளப் பிரிச்சு, அவ காபரேட்டரையும் சங்கிலியையும் மாட்டுனா மாமியா கொமரியாயிரும். ஆனா மருமக தேற மாட்டா."

"குடும்பத்துல நடக்குறதுதானே!" என்ற கந்தப்பன், சிவப்பு மிசின் உதிரிச் சாமான்களுக்காகப் பிரிக்கப்பட்டது என்று புத்தகத்தில் எழுதி, பிரிப்பதற்கு முன்பே கையெழுத்தும் போட்டார். அவ்வளவு சுறுசுறுப்பு.

அந்த நேரம் பார்த்து விறகு அரியும் ஆட்களின் தலைவன் சோலைமலை வந்து நின்றான். அழகுமுத்துவின் மனைவிக்கு அண்ணன்.

"மாப்புள, பன்னெண்டு வீட்டு அடுப்ப அணைக்கத்தான் இந்த வேலையா? பேர வெட்டுனா நாளைக்கே நாம குடியிருக்குற லயத்துக் காம்பராவ விடச் சொல்லுவாங்க. புள்ளகுட்டிய எங்க கொண்டு போறது? என் தங்கச்சிய ஒனக்குக் குடுத்ததுக்கு இந்த மிசினுக்கே கட்டி வச்சிருக்கலாம்!"

"கட்டி வச்சிருக்கலாந்தான் மச்சான். ஒங்க தங்கச்சி வாய்க்கு மிசின் தாங்காதே!"

சோலைமலை காறித் துப்பிவிட்டுப் போனான். கந்தப்பனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஊர் ரெண்டுபட்டால்தான் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கண்டாக்குக்கு ஒரு குடும்பம் ரெண்டுபட்டாலே போதும்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போட்டி. மேட்டில் மிசின், மேட்டுக்கு அந்தப்பக்கப் பள்ளத்தில் பன்னிரண்டு ஆட்கள். இரண்டு பக்கமும் விறகுக்காக வளர்த்த, ஒரே வயது டர்பன்டைன் மரங்கள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம்.

சோலைமலை ஒரு சாக்கு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு போனான்.

"என்னடா மூட்ட?" என்றார் கந்தப்பன்.

"கோடாலி, ஆப்பு, அரமுங்க."

"மிசினுக்கு எதிரா ஆப்பா? கொண்டு போ, கொண்டு போ. சாயந்தரம் ஒனக்கே ஒதவும்."

துரையும் கந்தப்பனும் மிசின் பக்கமே நின்றார்கள். கைவாளை நின்று பார்க்க என்ன இருக்கிறது? ஸ்டோர் பையன் ஒருவன் மறுமுனையைப் பிடிக்க, அழகுமுத்து கயிற்றை இழுத்தான். மாமியார் போட்ட சத்தத்தில் கந்தப்பனின் தொப்பி நகர்ந்தது.

"சைலன்சர் எங்கடா?" என்று காதுக்குள் கத்தினார்.

"கழட்டிட்டேங்க! அஞ்சாயிரம் அடிக்கு மேல இருக்கோம். நமக்கே மூச்சு வாங்குது. வாயத் தொறந்து விட்டாத்தான் மிசின் நல்லா ஓடும்!"

துரை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினார். இவ்வளவு சத்தம் போடுவது வேலை செய்யாமலா இருக்கும்?

நண்பகலில் மிசினை நிறுத்திவிட்டு, எல்லோரும் பள்ளத்தில் இறங்கிக் கணக்கெடுத்தார்கள். மிசின் மூன்று மரம். கைவாள் ஒன்பது. துரை முதலில் தமிழில் எண்ணினார். பிறகு ஆங்கிலத்தில் எண்ணினார். ஆங்கிலத்திலும் ஒன்பதுதான் வந்தது.

நின்ற இடத்திலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதினார்: "இந்த உயரத்தில் மிசினுக்கு மூச்சு வாங்குகிறது. கூலிகளுக்கு வாங்கவில்லை. ஆட்கள் இருக்கட்டும். மிசினை விற்றுவிடவும்." அதைக் கந்தப்பன் கையில் கொடுத்துவிட்டு பங்களாவுக்கு நடந்தார்.

பெரிய கண்டாக்கு உத்தியோகம் பனிக்குள் நடந்து போவதைக் கந்தப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் கிடந்த சோலைமலையின் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஏண்டா, கோடாலி சுடுமா?"

பன்னிரண்டு பேரும் மரத்தைப் பார்த்தார்கள். கந்தப்பன் சாக்கின் கட்டை அவிழ்த்தார். அவர் கையெழுத்துப் போட்டுக் கொன்ற சிவப்பு மிசின் முழு உடம்போடு உள்ளே இருந்தது. சங்கிலிப் பல்லில் ஈர மரத்தூள்.

"இதோ இந்தப் பள்ளத்துலயா இது ஓடுச்சு? எனக்கு எப்பிடிடா கேக்காமப் போச்சு?"

சோலைமலை தோளில் கை போட்டபடி நின்ற அழகுமுத்து பணிவாகச் சொன்னான்: "மாமியா கத்துறப்ப மருமக சத்தம் யாருக்குங்க ஐயா கேட்டிருக்கு?"

புத்தகத்தில் இருப்பது தம் கையெழுத்து என்பது நினைவுக்கு வர, கந்தப்பன் சாக்கைத் தம் கையாலேயே திரும்பக் கட்டினார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பன்னிரண்டு பேருக்கும் வழக்கம்போலப் பேர் போட்டார்.