பனிக்கரடி பார்க்கப் போனவர்கள்

"இண்டைக்கு நாங்கள் என்ன பாத்தனாங்கள்? சொல்லும் பாப்பம்."

"பனிக்கரடி."

"பனிக்கரடி நேற்று, அக்னெஸ்! இண்டைக்கு வால்ரஸ். றப்பர் போட்டிலை ஏறிக் கிட்டப் போய்ப் பாத்தனாங்கள்."

கணவர் ஞானேந்திரன் நீட்டிய சுற்றுலாப் புத்தகத்தில், மீசையும் நீட்டுப் பல்லுமாகக் கிடந்த வால்ரஸை அக்னெஸ் உற்றுப் பார்த்தார்.

"உங்கடை பெரிய மாமான்ரை சாயல் கிடக்கு."

"பகிடி விடாமல் பாடமாக்கும். கோயிலிலை கேப்பினம்."

இருவரும் இருந்தது ஒரு தீவில்தான். ஆனால் அது மொன்றியலை ஒட்டிய இல்-பிசார். அங்கே தங்கள் சொந்த வீட்டு பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஒளிந்திருந்தார்கள்.

பயணம் பொய்யில்லை. நூறு பேர் மட்டும் ஏறக்கூடிய சின்னக் கப்பலில், வடக்குத் தீவுகளைச் சுற்றிக் கரடியும் திமிங்கிலமும் பார்க்கப் போவதற்கு உண்மையாகவே பதிந்திருந்தார்கள். மாதா கோயில் மண்டபத்தில் பிரியாவிடை நடந்தது. பங்குச் சுவாமி தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஞானேந்திரன் மைக்கைப் பிடித்து, "எங்கடை சனத்திலை முதல் முதல் நாங்கள்தான்" என்று நீட்டி முழக்கினார். மறுநாள் காலை கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. கப்பல் பனிக்கட்டியில் மோதிவிட்டதாம், பயணம் அடுத்த வருடம்தானாம்.

உண்மையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் யோசெப் என்று ஒருவர் இருக்கிறாரே!

யோசெப், பாலத்துக்கு அப்பால் பியர்பொன்ட்ஸில், இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் ஒட்டியிருக்கும் வரிசை வீடொன்றில் இருப்பவர். ஞானேந்திரன் கனடா வந்த நாளிலிருந்து சிநேகிதர், அதே நாளிலிருந்து போட்டிக்காரர். பிரியாவிடையிலேயே, "ஐஸ் பாக்கக் கப்பல் ஏறோணுமே அண்ணை? ஜனவரியிலை முன்கதவைத் திறந்தாக் காணும்" என்று மண்டபத்தையே சிரிக்க வைத்தார். சிரிப்பு அடங்கும் முன்பே, தானும் மனைவி மாக்கிரட்டும் அடுத்த கிழமை அலாஸ்கா போவதாகவும், தங்கள் கப்பலில் நீச்சல் குளமே இருப்பதாகவும் அறிவித்தார்.

அந்த மனுசனிடம் போய் "எங்கடை கப்பல் போகேல்லை" என்று சொல்வதா? அதைவிட பேஸ்மென்றில் கிடந்து காயலாம் என்று ஞானேந்திரன் தீர்மானித்துவிட்டார்.

"ரொறொன்ரோவுக்குத் தங்கச்சி வீட்டையாவது போயிருக்கலாம்," என்றார் அக்னெஸ்.

"அவவுக்குத் தெரிஞ்சா அண்டைக்கே மொன்றியல் முழுக்கத் தெரிஞ்சிடும்."

கஷ்டம் என்னவென்றால், வீட்டுச் சாவி ஒன்று யோசெப்பிடமே இருந்தது. அக்னெஸ் பிள்ளைபோல் வளர்க்கும் கறிவேப்பிலைச் சாடி மேலே குசினியில், சமையல் மேடை ஜன்னலோரம் நிற்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பிரியாவிடை அன்றே கொடுத்துவிட்டார்கள். பிறகு திருப்பிக் கேட்க முடியுமா? அவர் வரும்போதெல்லாம் இருவரும் ஹீற்றருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நேற்று ஒரு முழுக் கொப்பை முறிச்சுக்கொண்டு போயிட்டார்," அக்னெஸுக்கு வயிறு எரிந்தது. "தண்ணி ஊத்த வந்தவரோ, அறுவடைக்கு வந்தவரோ?"

"விடும். இனி அவர் வரமாட்டார். இண்டைக்கு அலாஸ்காவுக்கு வெளிக்கிட்டிருப்பார். சாவியைக் கோயில் பாட்டுக்குழு டனிஸ்ரனிட்டைக் குடுக்கிறன் எண்டவர். அவன் பெடியன் தண்ணியை ஊத்திப்போட்டு ஓடிடுவான்."

"அப்ப மேலை போய் ரெண்டு மிளகாய் பொரிக்கட்டோ? பாணும் ரின் மீனும் திண்டு நாக்குச் செத்துப்போச்சு."

"மணம் தெருவுக்குப் போகும்! பேசாமல் இரும்."

அக்னெஸ் புத்தகத்தைத் திருப்பிப் பனிக்கரடிப் படத்தைப் பார்த்தார்.

"போட்டோ எங்கை எண்டு கேட்டா?"

"கமெரா கடலுக்கை விழுந்திட்டுது எண்டு சொல்லுவம்."

"திரும்பின உடனை வாற மாதா திருநாளிலை, மாதாவுக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லுறதோ?" அக்னெஸின் கண் கலங்கிவிட்டது. "ஆராவது கண்டுபிடிச்சா நான் பேந்து அந்தக் கோயில் படி மிதிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

ஞானேந்திரனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது மேலே முன்கதவில் சாவி திரும்பியது.

டனிஸ்ரனாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் கேட்டது இரண்டு பேரின் காலடி. அது குசினிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி, பேஸ்மென்ற் கதவடியில் நின்றது. கதவு திறந்தது. ஏதோ பாரமான சாமான் படிப்படியாக இடிபட்டு இறங்கியது.

இருவரும் ஹீற்றருக்குப் பின்னால் பாய்ந்தார்கள்.

"கள்ளர்!" அக்னெஸ் கணவரின் கையை இறுக்கினார். "பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"அடிச்சா நாங்கள் இஞ்சை இருக்கிறது தெரிஞ்சிடும்!"

முதலில் ஒரு சூட்கேஸ் வந்தது. அதன் பின்னால் இன்னொரு சூட்கேஸும் அரிசிப் பையுமாக மாக்கிரட் வந்தார். கடைசியாக, கையில் பச்சைக் கறிவேப்பிலைக் கொப்போடு யோசெப் இறங்கினார்.

"மேலை மட்டும் லைற் போடாதையும் மாக்கிரட்," என்றார் யோசெப். "உவை பனிக்கரடியெல்லாம் பாத்து முடிச்சு வர இன்னும் கனநாள் கிடக்கு. அதுக்கு முதல் நாங்கள் அலாஸ்காவாலை திரும்பி வந்திடலாம். ஆரும் போட்டோ கேட்டா, கமெரா கடலுக்கை விழுந்திட்டுது எண்டு சொல்லுவம்."