ஜன்னலில் தெரியும் சக்கரம்

"சக்கரம் சூடா இருக்கும், ஆறட்டும். அப்புறமா தண்ணி ஊத்து" என்று படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார் கஸ்ஸான். அம்மான் நகரின் மேட்டுத் தெருவில் அவர் வீடு பாதி மண்ணுக்குள் இருந்தது. ஜன்னல் வழியே வெளியே நிற்கும் காரின் அலாய் சக்கரங்கள் மட்டும்தான் தெரியும்.

"எனக்குத் தெரியும். நீங்க பேசாம படுங்க" என்றாள் அவர் மனைவி நவால், வெளியே பிரஷ்ஷால் தேய்த்தபடி.

"இடுக்குல எல்லாம் மெழுகு தடவு. இல்லேன்னா பிரேக் போடும்போது கிளம்பற கரி ஒட்டிக்கும்."

"தடவியாச்சு! என்னைவிட இந்தச் சக்கரம்தான் உங்களுக்கு உசத்தி."

பக்கத்து வீட்டு வஸ்ஃபி வந்து அவள் காதருகே குனிந்தான். "அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு என் காரை உங்க ஜன்னலுக்கு எதிர்லயே நிறுத்தணும்?"

"மெதுவா பேசு! அவர் எழுந்து நடக்கற வரைக்கும். ஆபரேஷனுக்காக எங்க காரை வித்ததும் தெரியாது, அதோட சக்கரத்தைக் கழட்டி உன் கார்ல மாட்டினதும் தெரியாது."

அவள் வாளியோடு உள்ளே வந்தாள்.

"நவால்" என்றார் கஸ்ஸான், ஜன்னலைப் பார்த்தபடியே. "நம்ம கார்ல இருந்தப்போ இந்தச் சக்கரத்துல இவ்வளவு கரி படிஞ்சதே இல்லை. வஸ்ஃபியைக் கொஞ்சம் மெதுவா பிரேக் போடச் சொல்லு."