தொங்கு கம்பி

மலாக்கா மைதானத்தில் மெர்டேக்கா சுதந்திர தின விழாவுக்காக மூன்று கம்பிச் சறுக்குகள் கட்டியிருந்தார்கள். உட்கார்ந்து வர நாற்காலிக் கம்பி, குப்புறப் படுத்து வரப் பலகைக் கம்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வரத் தொங்கு கம்பி.

"நாற்காலியில போம்மா," என்றார் கருணாகரன். "மாப்பிள்ளையோட அம்மா இங்கதான் எங்கயோ நின்னு உன்னைப் பாக்கறாங்களாம். தரகர் சொன்னாரு."

"நாற்காலியில உக்கார வீடு போதாதாப்பா? நான் தொங்கித்தான் போவேன்," என்றாள் விஜயா.

"மெதுவாப் பேசு!"

"இங்க யாருக்குத் தமிழ் புரியப் போகுது?"

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் மலாய்க்காரிபோல் சாரோங் கெபாயா உடுத்திய ஓர் அம்மாள் மட்டுமே நின்றிருந்தாள். கருணாகரன் தைரியமாகக் குரலை உயர்த்தினார்.

"அந்தம்மா பாத்தா சம்பந்தமே போச்சு!"

"இதுக்கே பயப்படுற வீடு எனக்கு வேணாம்பா."

விஜயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். கூட்டம் கைதட்ட, மைதானத்தின் மறுகோடியில் போய் இறங்கினாள். கருணாகரன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

அடுத்து நாற்காலியில் வந்து இறங்கிய கெபாயா அம்மாள் விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கம்போங் செட்டி தெய்வானை. எங்க செட்டி ஆளுங்க பேசுறது மலாய்தான், எங்க வீட்டுக்காரர் தமிழ்லா. முப்பது வருசமா அவரோட சண்டை போட்டே தமிழ் கத்துக்கிட்டேன்."

கருணாகரன் விஜயாவின் பின்னால் ஒதுங்கினார்.

"என் மகன் நாற்காலிக்கே பயந்து அதோ நிக்கிறான். தைரியசாலி இவ, பெரானி! இந்தத் தைரியம் எங்க வீட்டுக்கு வேணும்."

கருணாகரன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தாங்க சொன்னேன், தொங்கியே போம்மான்னு!"

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் தெய்வானை.