பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி

அலுவலகத்தில் மதியச் சாப்பாடு வேண்டுகிறவர்கள் காலையிலேயே கணினியில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டு, சமையலறைக்கு எக்செல் தாள் தயாரிக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். இந்த வாரம் தினமும் ஒரு பெயர் மட்டும் பொருந்தாமல் பிழை காட்டியது. மேல்மாடியில் வேலை பார்த்து, போன மழைக்காலத்தில் இறந்துபோன அவள் கணவனின் பெயர். அதன் கடைசியில் ஓர் இடைவெளி. எதைத் தட்டினாலும் அப்படி முடிப்பது அவன் பழக்கம்.

"பேருக்குப் பக்கத்துல யாருக்குங்க இடம் போட்டு வைக்கிறீங்க?" என்று கேலி செய்வாள்.

"உனக்குத்தான்" என்பான்.

"பழைய டேட்டா எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்க்கா. தூக்கிடுங்க" என்றான் பக்கத்து மேசைக்காரன். பார்த்தாள். அன்று காலையில் பதிவானதுதான்.

அவள் தூக்கவில்லை. ஊழியர் பட்டியலில் கணவனின் பெயரை அந்த இடைவெளியோடு மறுபடி சேர்த்தாள். தாள் பிழையில்லாமல் வந்தது.

மாலையில் சமையற்காரரிடம் போய், "இன்னைக்கு ஒரு டப்பா மிஞ்சிச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எல்லாம் காலியாத்தான் திரும்பி வந்துச்சு. ஒண்ணுல மட்டும் கேரட்டைப் பொறுக்கி மூடியில ஒதுக்கி வெச்சிருந்தாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு டப்பாவுக்கு மட்டும் கேரட் வேண்டாம்ண்ணே. அவருக்குப் பிடிக்காது."