அழுத்திப் பார்த்து வாங்கிய மீன்

குழம்பில் போட்ட மீனைக் காணவில்லை. சட்டியில் முள் மட்டும் மிதக்கிறது. சதையெல்லாம் கரைந்து கூழ்.

அன்றைக்குத்தான் மருமகள் எழில்மதியின் அப்பா அம்மா, திருக்கோவிலூரிலிருந்து முதன்முதலாக எங்கள் வீட்டில் கைநனைக்க வந்திருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலை ஏழு மணிக்கு, வாசலுக்கு வந்த மீன்காரி பெரியம்மாளின் கூடையில் நானே பொறுக்கிய கெண்டை. செவுள் சிவப்பு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத சதை. பெற்றவர்களுக்கு அவள் கையாலேயே ஆகட்டும் என்று எழில்மதியிடம் கொடுத்துவிட்டு, ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கப் போனேன். வரிசை நகர்ந்து வீடு வரப் பதினொன்றரை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

சம்பந்தி ஆதிமூலம் அறிவியல் வாத்தியார். இலைக்கு முன்னாலும் பாடம் எடுத்தார். மீன் செத்தாலும் அதன் உடம்பில் இருக்கிற என்சைம் சும்மா இருக்காதாம். ஐஸ் பற்றாவிட்டால் அதுவே சதையைக் கரைத்துவிடுமாம். நாற்றம் பிறகுதான் வருமாம்.

கான்வென்ட்டில் நானும் என்சைம் படித்தவள்தான். சிஸ்டர் அதைக் குழம்புச் சட்டிவரை கொண்டுவந்து விடவில்லை.

ஆக, ஐஸில் கஞ்சத்தனம் பண்ணியது பெரியம்மாள். சாயங்காலம் எழில்மதியையும் இழுத்துக்கொண்டு, பெரியம்மாள் கடை போடும் கச்சிராயபாளையம் ரோட்டுக்கே போனேன். மீன் வாங்க நின்றவர்கள் முன்னாலேயே வெளுத்து வாங்கினேன்.

"இல்லீங்கம்மா, விடியக்காத்தால அணையில புடிச்ச மீனு. உங்க கையில குடுக்கும்போதே..." என்று ஆரம்பித்தவள், என் பின்னால் நின்ற எழில்மதியைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

"ஆமாங்கம்மா. நேத்து மீனுதான். ஐஸும் கம்மி."

நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஜெயித்தும் எனக்குக் குழப்பம். நேற்றைய மீனுக்கு அவ்வளவு சிவப்பாகச் செவுளா? வாய்ப்பேச்சில் எனக்கே சளைக்காதவள், எப்படி இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டாள்?

பக்கத்துக் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூடை முன்னால் குத்துக்காலிட்டு எழில்மதி அழுதுகொண்டிருந்தாள். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"எனக்கு மீன் கழுவத் தெரியாதுக்கா. வீடியோ பார்த்துக்கினே இருந்துட்டேன். குடலைக்கூட எடுக்காம ரெண்டு மணி நேரம் வெயில்ல கெடந்துச்சு. நீங்க யாவாரம் முடிச்சுத் திரும்பிப் போவும்போது கேட்டாண்ட நின்னு பார்த்தீங்களே. அப்புறம் ஏன் உங்க தலையில போட்டுக்கினீங்க?"

பெரியம்மாள் ஈயை விரட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு நாலு நாளு யாவாரம் படுக்கும் கண்ணு. அஞ்சாம் நாளு எல்லாரும் மறந்துடுவாங்க. உங்க மாமியா மறக்கிற ஆளா? நீ கெழவி ஆவற வரைக்கும் சொல்லிக் காட்டும்."