ஒன்பதாம் பக்கச் செய்தி

"திருட்டுக் கழுதை!"

பஸ்ஸில் வாய்விட்டே சொல்லிவிட்டாள் மாலதி. பக்கத்து இருக்கைப் பெரியவர் கையிலிருந்த செல்போனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு முறைத்தார்.

"உங்கள இல்லீங்க. அந்த வீடியோவுல பேசுறாளே, அவளச் சொன்னேன்."

வீடியோவில் கவிப்ரியா இடுப்பளவு சம்பாப் பயிருக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். "புகையான் பூச்சிய நுனியில தேடாதீங்க. குனிஞ்சு தூர்ல பாருங்க. கண்ட மருந்தையும் அடிச்சா நாலு மடங்காத் திரும்பி வரும்."

வரிக்கு வரி மாலதி எழுதியது. நெல் ஆராய்ச்சியாளர்களிடம் மூன்று நாள் அலைந்து, அவர்கள் பேசிய பாஷையை விவசாயிக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதிய செய்தி. தஞ்சாவூர்ப் பதிப்பில் அது ஒன்பதாம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வந்திருந்தது. பதினோரு வருடமாக அவள் செய்திக்கு அதுதான் இடம். நேற்று முளைத்த இந்தப் பெண்ணின் சேனலையோ ஒன்றரை லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

"நல்லாச் சொல்லுதுங்க. இது சொன்னா எங்க ஊர்ல மறுபேச்சே கிடையாது" என்றார் பெரியவர்.

மாலதிக்கு வயிறு எரிந்தது. கவிப்ரியா மேற்கொண்டு பேசியது காதில் விழாதபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

போன மாதம் வயல் விழாவிலும் இதே எரிச்சல்தான். விவசாயிகள் முண்டியடித்துக்கொண்டு கவிப்ரியாவோடு செல்ஃபி எடுத்தார்கள். மாலதியிடம் ஒருவர் வந்து, "ஏம்மா, கொஞ்சம் நகர்ந்துக்குறீங்களா?" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலெல்லாம் சேறாக ஓடி வந்தாள் கவிப்ரியா.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடையைக் கட்டினாள் மாலதி.

இன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் செய்தி ஆசிரியர் ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டாள்.

"நம்ம செய்திய அப்படியே எடுத்துப் பேசுறா சார்."

"வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"அப்ப யூடியூப்ல புகார் போட்டுடுவோம்."

நான்காம் நாள் சேனல் முடங்கியது. ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில் மாலதி அன்றைக்கு இரண்டு காபி குடித்தாள், இரண்டிலும் சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்லி.

அந்த வாரமே, புகையானுக்கு எந்தெந்த மருந்தை அடிக்கக் கூடாது என்ற பட்டியலை எழுதிக் கொடுத்தாள். அதுவும் ஒன்பதாம் பக்கத்துக்கே போனது. ஆனால் இந்தத் தடவை அவளுக்கு வருத்தமில்லை.

ஒரு மாதம் கழித்து, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் புகையான் தாக்கிய வயல்களைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், நெருப்பு வைத்தது போல் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து படுத்திருந்தது. வரப்பில் சாமிதுரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சாவித்திரி.

"நாலு ஏக்கரும்மா. அத்தனையும் குத்தகை" என்றார் சாமிதுரை. "உரக்கடையில குடுத்த மருந்த அடிச்சேன். ஒரு வாரம் பூச்சியக் காணும். அப்புறம் மொத்தமா வந்து இறங்கிடுச்சு."

மாலதி மருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தாள். அவள் பட்டியலில் முதலாவதாக இருந்த மருந்து.

"இத அடிக்கவே கூடாதுன்னு பேப்பர்ல பேரோட போட்டிருந்தோமே ஐயா!"

"ஊருக்கு ரெண்டு பேப்பர் வருது. டீக்கடையில முதப் பக்கத்தப் பாத்துட்டு வடை மடிச்சுடுறான். கவிப்ரியான்னு ஒரு பொண்ணு வீடியோ போடும், எங்களுக்கு அதான் பேப்பரு. எத அடிக்கக் கூடாதுன்னு அடுத்த வாரம் சொல்றேன்னுச்சு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. எவனோ புகார் குடுத்து நிறுத்திப்புட்டானாம். பூச்சி காத்துக்கிட்டு இருக்குமா?"

மாலதியின் பேனா நோட்டில் அப்படியே நின்றது. தீய்ந்த பயிரைப் பார்க்கவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சாவித்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்கம்மா. பேப்பர்லேர்ந்துதான வர்றீங்க? அங்க மாலதி மேடம்னு ஒருத்தவங்க இருக்காங்களாமே, தெரியுமா?"

மாலதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகார் கொடுத்தது யாரென்று இந்த ஊர் வரைக்கும் தெரிந்துவிட்டதா?

"ஏங்க... எதுக்குக் கேக்குறீங்க?"

"அவங்க பேரச் சொல்லி, 'எல்லாம் அவங்க எழுதினது'ன்னுதாம்மா அந்தப் பொண்ணு ஒவ்வொரு வீடியோவையும் முடிக்கும்!"